அட்டை முதல் அட்டை வரை படித்தால் பல்ப் அறிபுனை இதழ்கள் தேறுமா?

பழுப்புத்தாள்:

மூன்று மாதமாக ஒரு வேண்டாத வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன். பழைய அமெரிக்க அறிபுனை (சயன்ஸ் ஃபிக்ஷன்) இதழ்களின், அதாவது மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சான 'பல்ப்' இதழ்களின் ஸ்கேன்கள் இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடைக்கின்றன அல்லவா? பேர்பெற்ற கதையை மட்டும் தேடிப் படிக்காமல், ஒரு இதழை எடுத்தால் அட்டையிலிருந்து அட்டை வரை முழுவதும் படிப்பது என்று வைத்துக்கொண்டேன். ஆசிரியர் குறிப்பு, வாசகர் கடிதம், குடலிறக்கத்துக்குக் கச்சை விற்கும் விளம்பரம் எல்லாம் சேர்த்து.

சொன்னால் கோபப்படாதீர்கள், பெரும்பாலானவற்றைப் படித்து முடிக்கவே முடியவில்லை. 1926 ஏப்ரலில் வந்த அமேசிங் ஸ்டோரீஸ் முதல் இதழ் தப்பித்துவிடுகிறது. காரணம், அதில் புதுக்கதையே கிடையாது. வெர்ன், வெல்ஸ், எட்கர் ஆலன் போ என்று அத்தனையும் மறுபிரசுரம். சொந்தமாகக் கதை வாங்க ஆரம்பித்த பிறகுதான் சோதனை. ஒரு புரொபசர் இருப்பார். அவருக்கு ஒரு மகள். மகளைக் கட்டிக்கொள்ளப் போகும் ஒரு வாலிபன். புரொபசர் இரண்டு பக்கத்துக்குப் பாடம் நடத்துவார், வாலிபன் ஆச்சரியப்படுவான். மறுபடி இரண்டு பக்கம் பாடம். மகள் ஒருமுறை கடத்தப்படுவாள்.

நல்ல அறிபுனைக் கதையில் 75 பங்கு இலக்கியம், 25 பங்கு அறிவியல் இருக்க வேண்டும் என்று சொன்னவர் அந்த இதழை நடத்திய ஹியூகோ கெர்ன்ஸ்பேக். எனக்கு அந்த 75 கண்ணில் படவில்லை.

என் கேள்வி இதுதான். பொற்காலம் பொற்காலம் என்கிறோமே, அது இதழ்களில் உண்மையிலேயே இருந்ததா, இல்லை தொகுப்பாசிரியர்கள் பிற்பாடு பொறுக்கி அடுக்கியதா?

ராக்கெட்_ராமு:

அறிபுனை எழுத்தாளர் தியோடர் ஸ்டர்ஜன் எப்போதோ பதில் சொல்லிவிட்டார். அறிபுனையில் 90 சதவீதம் குப்பை, ஏனென்றால் எதை எடுத்தாலும் 90 சதவீதம் குப்பை. இழையை மூடிவிடலாமா?

பழுப்புத்தாள்:

மூடாதீர்கள் ராமு. அந்த விதியை எல்லாரும் குடை மாதிரி விரித்துக்கொள்கிறார்கள். 90 குப்பை என்றால் பத்தில் ஒன்றாவது தேற வேண்டும். 1930களின் தொடக்கத்து அமேசிங்கில் எனக்கு அந்த ஒன்றும் தேறவில்லை. அதே சமயம் அஸ்டவுண்டிங் என்ற போட்டி இதழின் 1941 செப்டம்பர் பிரதியைப் பாருங்கள். அசிமோவின் 'நைட்ஃபால்', ஆல்ஃபிரட் பெஸ்டரின் 'ஆடம் அண்ட் நோ ஈவ்', ஹைன்லைனின் 'மெதூசலாஸ் சில்ட்ரன்' தொடரின் கடைசிப் பகுதி, மூன்றும் ஒரே இதழில். கேலப் சாண்டர்ஸ் என்பவரின் கதையும் உண்டு. அந்த கேலப் சாண்டர்ஸும் ஹைன்லைன்தான். ஒரே பெயர் இரண்டு முறை வராமல் இருக்கப் புனைபெயர்.

ஆக, விகிதம் இதழுக்கு இதழ் மாறுகிறது. ஏன் மாறுகிறது? ஸ்டர்ஜன் விதி அதற்குப் பதில் சொல்லாது.

அச்சுக்கோப்பவர்:

தம்பி, கூலியிலிருந்து ஆரம்பியுங்கள். நான் முப்பது வருஷம் அச்சகத்தில் இருந்தவன். சாணித்தாள் நாவல்களுக்கு எழுத்துக் கோத்திருக்கிறேன். பக்கக் கணக்கு எழுத்தாளனை என்ன பாடுபடுத்தும் என்று கண்ணால் பார்த்தவன்.

அமெரிக்காவில் சொல் கணக்கு. ஒரு சொல்லுக்கு அரை சென்ட், நல்ல இடமானால் ஒரு சென்ட். "ஆம்" என்றால் ஒரு சொல். "ஆம், நீங்கள் சொல்வதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்" என்றால்? உங்கள் புரொபசர் ஏன் இரண்டு பக்கம் பேசினார் என்று புரிகிறதா? அவர் வாயைத் திறந்தால் எழுத்தாளன் வீட்டில் அடுப்பு எரியும்.

அந்தக் கூலியும் ஒழுங்காக வந்ததா என்றால் இல்லை. திகில் கதை எழுத்தாளர் லவ்கிராஃப்ட்டின் 'தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்' 1927 செப்டம்பர் அமேசிங்கில் வந்தது. அவருடைய ஆகச்சிறந்த கதைகளில் ஒன்று. கெர்ன்ஸ்பேக் கொடுத்தது 25 டாலர், அதுவும் இழுத்தடித்து. லவ்கிராஃப்ட் தம் கடிதங்களில் அவருக்கு வைத்த பெயர் 'எலி ஹியூகோ'. பிற்பாடு பெரிய பதிப்பாசிரியராக வந்த டொனால்ட் வோல்ஹைம், பையனாக இருந்தபோது எழுதிய முதல் கதைக்கு வரவேண்டிய 10 டாலருக்காக வக்கீலைப் பிடிக்க வேண்டியிருந்தது. இப்படி இருந்தால் கையில் சரக்கு உள்ளவன் ஏன் வருவான்? வேறு இடத்தில் விலைபோகாதவனும், பைத்தியமாக இதை நேசிக்கிறவனும்தான் வருவான். இரண்டாவது வகையால்தான் இந்த இதழ்கள் பிழைத்தன.

நள்ளிரவு_வாசகி:

ஐயா சொல்வதில் பாதிதான் சரி. கூலிதான் காரணம் என்றால், 1930 ஜனவரியில் கிளேட்டன் நிறுவனம் தொடங்கிய அஸ்டவுண்டிங்கில்தான் நல்ல கதைகள் கொட்டியிருக்க வேண்டும். சொல்லுக்கு 2 சென்ட், கதையை ஏற்றுக்கொண்ட உடனே பணம். அந்தத் துறையிலேயே அதுதான் உயர்ந்த விலை. வந்தது என்ன? அடிதடி. ராட்சத வண்டு, ராட்சதப் புழு, கதிர்த்துப்பாக்கி, ஓட்டம். ஆசிரியர் ஹாரி பேட்ஸ் கேட்டது சாகசக் கதை, அதையே எழுதிக் கொடுத்தார்கள்.

1933-ல் கிளேட்டன் திவாலாகி, இதழ் ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் கைக்குப் போனது. கூலி குறைந்தது, கதைகள் மேம்பட்டன! புது ஆசிரியர் டிரிமெய்ன் கேட்ட கேள்வி வேறு. இதுவரை யாரும் தொடாத ஒரு எண்ணத்தைக் கொண்டு வா என்றார். இன்னொரு வேடிக்கை பாருங்கள். 2 சென்ட் கொடுத்துப் புழுக்கதை வாங்கிய அதே ஹாரி பேட்ஸ், 1940-ல் வேறொரு ஆசிரியருக்காக எழுதியது 'ஃபேர்வெல் டு தி மாஸ்டர்'. 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' படத்தின் மூலக்கதை அதுதான். ஆள் ஒருவரேதான், கேட்டவர்தான் மாறியிருந்தார்.

அதனால் என் பதில், ஆசிரியர் யார் என்று பாருங்கள் என்பது. 1929-ல் கெர்ன்ஸ்பேக் அமேசிங்கை இழந்தபின் அங்கே உட்கார்ந்தவர் டி. ஓ'கானர் ஸ்லோன். எழுபது வயதைத் தாண்டியவர், விண்வெளிப் பயணம் நடக்கவே நடக்காது என்று நம்பியவர். கதைகளை மாதக்கணக்கில், சிலசமயம் வருஷக்கணக்கில் மேஜையிலேயே வைத்திருப்பாராம். பிற்பாடு அஸ்டவுண்டிங்கின் ஆசிரியராகப் பேர்பெற்ற ஜான் கேம்ப்பெல் விற்ற முதல் கதையின் கையெழுத்துப் பிரதியைத் தொலைத்த புண்ணியவானும் இவரே. நீங்கள் படித்த 1930களின் தொடக்கத்து அமேசிங் இவருடையது. தேறாமல் போனதில் என்ன ஆச்சரியம்?

ராக்கெட்_ராமு:

எல்லாரும் நடையை வைத்தே அளக்கிறீர்கள். இந்த இதழ்களுக்கு நான் போவது நடைக்காக இல்லை. 1928 பிப்ரவரி அமேசிங்கில் டேவிட் கெல்லர் என்ற டாக்டர் 'தி ரிவோல்ட் ஆஃப் தி பெடெஸ்ட்ரியன்ஸ்' என்று ஒரு கதை எழுதினார். கார் வைத்திருப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காரிலேயே வாழ்ந்து கால் சூம்பிப் போகிறார்கள். நடப்பவர்களைச் சட்டப்படியே ஏற்றிக் கொல்லலாம். மிஞ்சிய கொஞ்சம் பேர் ஒளிந்திருந்து ஒரு நாள் மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். அவ்வளவுதான் கதை. நேற்று சாயங்காலம் நடைபாதை இல்லாத மேம்பாலத்தில் நடந்து வந்தபோது இந்தக் கதைதான் ஞாபகம் வந்தது. நடை கரடுமுரடாக இருந்தால் என்ன?

பழுப்புத்தாள்:

கெல்லர் கதையை ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் இப்போது சொன்ன சுருக்கம் கதையைவிட நன்றாக இருக்கிறது, அதையும் ஒப்புக்கொள்ளுங்கள். பல்ப் கதைகளில் எனக்கு அடிக்கடி நடப்பது இதுதான். யாராவது சொல்லிக் கேட்டால் வாய் பிளக்கிறேன், எடுத்துப் படித்தால் கொட்டாவி விடுகிறேன்.

இன்னொன்று. 1928 ஆகஸ்ட் இதழ், சரித்திரப் புகழ் பெற்றது. ஈ. ஈ. ஸ்மித்தின் 'ஸ்கைலார்க் ஆஃப் ஸ்பேஸ்' தொடங்கியதும், பிற்பாடு காமிக்ஸ் நாயகனான பக் ராஜர்ஸின் முதல் கதை வந்ததும் அதில்தான். (அட்டையில் சிவப்பு உடுப்பில் பறக்கிறவனைப் பக் ராஜர்ஸ் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஸ்கைலார்க்குக்குப் போட்ட படம்.) பக் ராஜர்ஸ் கதையில் அமெரிக்காவை அடிமைப்படுத்தி வைத்திருப்பவர்கள் ஆசியாவிலிருந்து வந்த ஹான்கள். அவர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொல்வதை எழுதும்போது அந்தப் பேனாவுக்கு வரும் குஷி இருக்கிறதே, அது நடைக் கோளாறு இல்லை. அந்தக் காலம் அப்படி என்பார்கள். சரி, அந்தக் காலத்திலேயே வெல்ஸ் வேறுமாதிரி எழுதிக்கொண்டுதானே இருந்தார்?

செவ்வாய்_மணல்:

அண்ணா, நீங்கள் அசிமோவ் சின்ன வயதில் இதழ் வாங்கிய கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். புரூக்ளினில் அப்பாவுக்கு மிட்டாய்க்கடை, அங்கே இதழ்களும் விற்பார்கள். பல்ப் இதழைத் தொடக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. 1929-ல் கெர்ன்ஸ்பேக்கின் புது இதழ் 'சயன்ஸ் வொண்டர் ஸ்டோரீஸ்' வந்தபோது ஒன்பது வயதுப் பையன் தலைப்பில் இருந்த சயன்ஸைக் காட்டி அனுமதி வாங்கிவிட்டான். கெர்ன்ஸ்பேக் அந்த இதழில் "உங்கள் அறிவியல் அறிவு எப்படி?" என்று கேள்வித்தாளே போட்டிருந்தார், விடை எந்தக் கதையில் எந்தப் பக்கத்தில் என்ற குறிப்போடு. கதைக்குள்ளேயே கோனார் நோட்ஸ்!

அந்தப் பையனுக்காக எழுதியதை நாற்பது வயதில் படித்துவிட்டு மார்க் போடுவது நியாயமா?

பழுப்புத்தாள்:

நாற்பத்தாறு. மற்றபடி நியாயம்தான்.

நள்ளிரவு_வாசகி:

பையன்களுக்காக எழுதியதால் மோசமாகத்தான் இருக்கும் என்று நான் ஏற்கமாட்டேன். 1934 ஜூலை வொண்டர் ஸ்டோரீஸில், அதாவது சரியாகப் பணம் தராத அதே கெர்ன்ஸ்பேக்கின் இதழில், ஸ்டான்லி வைன்பாம் எழுதிய 'எ மார்ஷியன் ஒடிஸி' வந்தது. பழுப்புத்தாள், அந்த மாத இதழை முழுக்கப் படித்துவிட்டு இந்தக் கதைக்கு வாருங்கள். வெயிலில் வந்தவனுக்கு மோர் கிடைத்த மாதிரி இருக்கும்.

அதுவரை வேற்றுக்கிரக ஜீவன் என்றால் ஒன்று நம்மைத் தின்ன வரும், இல்லை நம்மை மாதிரியே பேசும். வைன்பாமின் ட்வீல் இரண்டும் இல்லை. நெருப்புக்கோழி சாயலில் ஒரு ஜந்து. பூமிக்காரன் ஜார்விஸ் அதைக் காப்பாற்றுகிறான், இருவரும் சேர்ந்து பாலைவனத்தில் நடக்கிறார்கள். ட்வீல் அவனுடைய சொற்களில் ஐந்தாறைக் கற்றுக்கொண்டு அவற்றை வைத்தே சிக்கலான விஷயங்களைச் சொல்லிவிடுகிறது. ஜார்விஸால் அதன் மொழியில் ஒரு சொல்லைக்கூடப் பிடிக்க முடியவில்லை. ஒரே பொருளுக்கு இரண்டாம் முறை வேறு சொல் வருகிறது. யாருக்கு மூளை அதிகம்? கதை வாய் திறப்பதில்லை. நடுவில் ஒரு சிலிக்கன் பிராணி வருகிறது. பத்து நிமிஷத்துக்கு ஒரு செங்கல்லை வெளியே தள்ளித் தன்னைச் சுற்றிப் பிரமிடு கட்டிக்கொண்டே இருக்கிறது, யுகயுகமாக. அது யாருக்கும் பகையும் இல்லை, உறவும் இல்லை. தன் பாட்டுக்கு இருக்கிறது.

இவ்வளவும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் தொனியில். வைன்பாம் அதன் பிறகு இருந்தது ஒன்றரை வருஷம்கூட இல்லை. 1935 டிசம்பரில், 33 வயதில் புற்றுநோயில் போய்விட்டார்.

இந்தக் கதை வந்த இடத்தில் கூலியும் சரியில்லை, இதழும் சரியில்லை. என் ஆசிரியர் வாதமும் இங்கே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது, தெரிகிறது.

அச்சுக்கோப்பவர்:

ஆடட்டும் அம்மா. மேதை எங்கே முளைப்பான் என்பதற்குக் கணக்கு கிடையாது. சராசரி எங்கே நிற்கும் என்பதற்குத்தான் கூலியும் ஆசிரியரும்.

புதுசு_22:

கேம்ப்பெல் அவ்வளவு பெரிய ஆளா? அவர் போட்ட 'தி கோல்ட் ஈக்வேஷன்ஸ்' மாதிரிக் கதை பல்ப் இதழிலேயே வந்திருக்கிறது என்றால் மற்றதெல்லாம் எதற்குப் பேசவேண்டும்?

பிழைதிருத்தி:

சின்னத் திருத்தம். 'தி கோல்ட் ஈக்வேஷன்ஸ்' 1954 ஆகஸ்ட். அஸ்டவுண்டிங் 1943 நவம்பரிலேயே சின்ன டைஜஸ்ட் அளவுக்கு மாறிவிட்டது, போர்க்காலக் காகிதத் தட்டுப்பாடு. கறாராகச் சொன்னால் அது பல்ப் இதழில் வந்த கதை இல்லை. பல்ப் என்றால் ஏழுக்குப் பத்து அங்குலம், வெட்டாத ஓரம், விரல் பட்டால் உதிரும் மரக்கூழ்த் தாள்.

நள்ளிரவு_வாசகி:

திருத்தம் சரி. அந்தக் கதையை எழுதிய டாம் காட்வின், எரிபொருள் போதாததால் விண்கலத்திலிருந்து வெளியே தள்ளப்பட வேண்டிய பெண்ணை எப்படியாவது காப்பாற்றிவிடப் பார்க்க, கேம்ப்பெல் மூன்று முறை திருப்பி அனுப்பினார் என்பார்கள். புதுசு கேட்டதற்கு அது பதில். கேம்ப்பெல் பொறுக்கி எடுக்கிற ஆசிரியர் மட்டும் இல்லை, எழுத்தாளனை உட்காரவைத்துப் பேசியே கதையை வரவழைக்கிறவர். 1939 ஜூலையில் வான் வோக்டின் முதல் அறிபுனைக் கதை, ஆகஸ்டில் ஹைன்லைனின் முதல் கதை, செப்டம்பரில் ஸ்டர்ஜன். அடுத்தடுத்து மூன்றே மாதம்.

அவருடைய மறுபக்கமும் அதே மேஜையில்தான் இருந்தது. பூமிக்காரன்தான் எப்போதும் ஜெயிக்க வேண்டும் என்ற பிடிவாதம், நிறவெறி, 1950-ல் டயனெடிக்ஸ் என்ற போலி மனச்சிகிச்சைக்குக் கொடுத்த இடம். அவர் பெயரில் இருந்த விருதை 2019-ல் மாற்றியது சும்மா இல்லை.

செவ்வாய்_மணல்:

எல்லாரும் அஸ்டவுண்டிங்கையே சுற்றுகிறீர்கள். பிளானட் ஸ்டோரீஸை யாரும் பேசவே இல்லையே. 1939 முதல் 1955 வரை வந்தது. அட்டையைப் பார்த்தால் வீட்டில் யார் கண்ணிலும் படாமல் ஒளித்து வைக்கத் தோன்றும். பித்தளைக் கச்சு கட்டிய பெண், பின்னால் பல்லிளிக்கும் ராட்சசன். ஆனால் உள்ளே லீ பிராக்கெட் இருந்தார்! செவ்வாயின் செத்துப்போன துறைமுகங்களை, வற்றிய கடலின் ஓரத்தில் நிற்கும் படித்துறைகளை அவர் எழுதினால் தூசி நம் மூக்கில் ஏறும். அறிவியல்? மருந்துக்கும் கிடையாது. எனக்குக் கவலையும் கிடையாது.

1946-ல் வெளிவந்த 'லோரலை ஆஃப் தி ரெட் மிஸ்ட்' கதையை அவர் பாதி எழுதியிருந்தபோது 'தி பிக் ஸ்லீப்' படத்துக்குத் திரைக்கதை எழுத ஹாலிவுட் கூப்பிட்டது. மிச்சத்தை எழுதிக் கொடுத்தவர் ரே பிராட்பரி. பிராட்பரியின் 'மார்ஸ் இஸ் ஹெவன்!' 1948-ல் இதே இதழில்தான். பிலிப் கே. டிக்கின் முதல் கதை அச்சானதும் இங்கே, 1952 ஜூலையில். கேம்ப்பெல் பக்கம் பிராட்பரிக்குப் பெரிதாக இடம் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உசத்தி இதழ், மட்ட இதழ் என்று நாம் வைத்திருக்கும் அடுக்கே கொஞ்சம் சந்தேகம்.

ராக்கெட்_ராமு:

லெமூரியாவை விட்டுவிட்டீர்களே! அமேசிங்கின் ஆசிரியராக ரே பாமர் இருந்தபோது, 1945 மார்ச் இதழில் 'ஐ ரிமெம்பர் லெமூரியா' என்று ஒரு கதை. ரிச்சர்ட் ஷேவர் என்றவர் பூமிக்கடியில் குகைகளில் கெட்ட ஜீவன்கள் இருந்துகொண்டு கதிர் வீசி நம் மனதைக் குழப்புகின்றன என்று கடிதம் எழுத, பாமர் அதை இழுத்து நீட்டி, இது உண்மை என்ற தோரணையில் போட்டார். விற்பனை எகிறியது. "எனக்கும் குரல் கேட்கிறது" என்று கடிதங்கள் குவிந்தன. பழைய வாசகர்கள் இதழையே புறக்கணிக்கச் சொல்லும் அளவுக்குப் போனது.

லெமூரியா என்ற பெயரை 1864-ல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் வைத்தது லெமூர் வகை விலங்குகள் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஏன் இருக்கின்றன என்று விளக்க. பிரம்மஞான சபைக்காரர்கள் கைக்குப் போய், அங்கிருந்து ஒரு கிளை நம் குமரிக்கண்டத்துக்கும், ஒரு கிளை பாமரின் மேஜைக்கும் போயிருக்கிறது. பங்காளி முறை ஆகிறது பாருங்கள்.

பழுப்புத்தாள்:

ராமு, சிரிப்பாகச் சொன்னாலும் என் கேள்விக்கு நீங்கள் போட்டதுதான் பெரிய குண்டு. அந்தக் காலத்திலேயே மிக மோசமான கதைதான் நன்றாக விற்றிருக்கிறது என்றால், ஒரு நல்ல ஆசிரியர் நஷ்டத்தை எதிர்பார்த்துக்கொண்டே வேலை செய்திருக்க வேண்டும்.

1950 அக்டோபரில் கேலக்ஸி என்ற இதழ் தொடங்கியபோது பின்னட்டையில் ஒரு குறும்பு செய்தார்கள். பக்கத்தில் பக்கமாக இரண்டு பத்தி. ஒன்றில் கௌபாய் பேட் டர்ஸ்டன் குதிரையில் வருகிறான். மற்றதில் அதே வாக்கியங்கள், குதிரைக்குப் பதில் விண்கலம், கைத்துப்பாக்கிக்குப் பதில் கதிர்த்துப்பாக்கி. இந்த மாதிரிக் கதை எங்களிடம் வராது என்று கீழே அறிவிப்பு. இப்போது ஒவ்வொரு பல்ப் கதையையும் இந்தத் தராசில் வைக்கிறேன். விண்கலத்தை எடுத்துவிட்டுக் குதிரையை வைத்தால் கதை நிற்கிறதா? நின்றால் தள்ளிவிடுகிறேன். ட்வீல் இருக்கும் இடத்தில் எந்தக் குதிரையையும் கட்ட முடியாது. 'நைட்ஃபால்' தப்பிக்கிறது, அதன் வசனம் சகிக்கவில்லை என்றாலும். பிராக்கெட் இந்தத் தராசில் விழுந்துவிடுகிறார் செவ்வாய்_மணல், ஆனால் அவரைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. தராசில்தான் கோளாறோ என்னவோ.

நள்ளிரவு_வாசகி:

தராசில்தான் கோளாறு.

உங்களைப் போலவே ஒருவர் அட்டை முதல் அட்டை வரை படித்திருக்கிறார், தெரியுமா? எவரெட் பிளைலர். 1926 முதல் 1936 வரையான அறிபுனை இதழ்களின் கதைகள், 1,835, எல்லாவற்றுக்கும் சுருக்கமும் விமர்சனமும் எழுதி 1998-ல் தடித்த நூலாகப் போட்டார். பெரும்பாலும் திட்டு. அந்த மனிதரின் பொறுமையை நினைத்தால் உங்கள் மூன்று மாதம் எந்த மூலைக்கு?

பழுப்புத்தாள்:

1,835-ஆ? நான் இன்னும் நூறைத் தொடவில்லை.

அடுத்து என்ன எடுக்கலாம்? 1952 பக்கம் போகலாம் என்று பார்க்கிறேன்.

பிழைதிருத்தி:

ஸ்டார்ட்லிங் ஸ்டோரீஸ், 1952 ஆகஸ்ட். ஃபிலிப் ஹோசே ஃபார்மரின் 'தி லவர்ஸ்' அதில். கேம்ப்பெலும் தள்ளியது, கேலக்ஸி ஆசிரியர் கோல்டும் தள்ளியது. அளவிலும் தாளிலும் பல்ப்தான், என்னிடம் வாதம் வராது.

அச்சுக்கோப்பவர்:

வாசகர் கடிதங்களை விட்டுவிடாதே தம்பி. கதையைவிட அங்கேதான் நல்ல எழுத்து இருக்கும், கூலி இல்லாமல் எழுதியது.

பழுப்புத்தாள்:

இறக்கிவிட்டேன் ஐயா. 'தி லவர்ஸை' கடைசிக்கு வைத்துக்கொண்டு மற்றதை முதலில் படிக்கிறேன். கச்சை விளம்பரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.